மூடுவதற்கு முன்: மரவீட்டு வேலையும் கட்டட அனுமதியும்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நண்பர் ஒருவரின் வீட்டில் பேஸ்மென்ற் உட்கூரையைத் திறக்க வேண்டி வந்தது. மேலே குளியலறை, கீழே ட்ரைவோல் பலகையில் தேநீர் சிந்தியதுபோல ஒரு வட்டக் கறை. வேலைக்கு வந்த தச்சர் கறை இருந்த இடத்தைச் சதுரமாக வெட்டிக் கழற்றினார். ஏணியில் நின்றபடி ரோச் லைற்றை உள்ளே அடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அண்ணை, ஏறி வந்து இதை ஒருக்காப் பாருங்கோ" என்றார்.

மேல்தளத்தைத் தாங்கும் குறுக்கு மரங்களை இங்கே எல்லாரும் ஜொய்ஸ்ற் என்பார்கள். அந்த வீட்டில் இருந்தவை 2×10 அளவு. பெயரில்தான் பத்து அங்குலம். இழைத்து வரும்போது ஒன்பதே கால். அவற்றில் இரண்டை, கழிப்பறைக் குழாய்க்கு வழிவிடுவதற்காக, யாரோ அடியிலிருந்து மேல்நோக்கி அறுத்திருந்தார்கள். மிச்சம் நின்றது நான்கு விரல் மரம். அந்த நான்கு விரல் மரத்தின்மேல்தான் குளியல் தொட்டியும், தொட்டி நிறையத் தண்ணீரும், தண்ணீருக்குள் இரண்டு பிள்ளைகளுமாக ஆறு வருடங்கள் போயிருக்கின்றன. மேலே ஓடு பதித்த வேலை அவ்வளவு நேர்த்தி. வீட்டை விற்றவர் விற்பதற்கு முன் புதுப்பித்த குளியலறை அது. மாநகரசபையில் விசாரித்தபோது, அந்த முகவரியில் அப்படியொரு வேலைக்கு அனுமதி எடுத்ததாகப் பதிவே இல்லை.

ஒருவருடைய சொந்த வீட்டுக்குள் தச்சர் செய்யும் வேலையை அரசு வந்து பார்க்கத்தான் வேண்டுமா? பார்ப்பதென்றால் எந்தக் கட்டத்தில்? பார்த்து ஒப்பமிட்டுப் போனபிறகு பிழை வெளிவந்தால் யார் பொறுப்பு? மரவீடுகளில் வாழும் நாடுகள் இந்தக் கேள்விகளோடு பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டி வருகின்றன. கனடா, அமெரிக்கா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தபின் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுமதிப் பத்திரம் வீட்டுக்காரருக்கு வாங்கித் தருவது ஒரே ஒரு பொருள்: சுவர் மூடப்படுமுன் இன்னொருவருடைய கண். சட்டம் எவ்வளவு தடித்த புத்தகமாக இருந்தாலும், அந்தக் கண் சரியான நேரத்தில் சரியான இடத்தில் விழுந்ததா என்பதை வைத்தே அதை அளக்க வேண்டும்.

ஊரில் தச்சர் என்றால் நமக்குக் கதவும் நிலையும் ஜன்னலும் அலுமாரியும்தான் நினைவுக்கு வரும். வீட்டைத் தாங்குவது கல்லும் கொங்கிறீற்றும். தச்சரின் பிழை அதிகம் போனால் கதவு பிடிக்கும், அவ்வளவுதான். வட அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அத்திவாரத்துக்கு மேலே வீட்டின் எலும்புக்கூடு முழுவதும் மரம். பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாகச் சுவருக்குள் நிற்கும் ஸ்ரட், தளத்துக்கு ஜொய்ஸ்ற், வாசலுக்கும் ஜன்னலுக்கும் மேலே பாரம் தாங்கும் குறுக்குவிட்டம், கூரைக்குக் கைமரம், எல்லாமே ஆணியால் இணைத்தவை. வெளியே செங்கல் தெரிந்தாலும் பெரும்பாலான புதுவீடுகளில் அது ஒரு சட்டைதான். ஆகவே இங்கே தச்சுவேலைச் சட்டம் என்பதே வீட்டின் உயிர்ச்சட்டம்.

எந்த வேலைக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற கோட்டைப் பார்த்தாலே சட்டத்தின் மனம் தெரிந்துவிடும். ரொறன்ரோவில் சமையலறை அலுமாரிகளைக் கழற்றிப் புதிதாகப் பூட்டலாம், தரைக்கு மரப்பலகை போடலாம், அதே அளவு இடத்தில் ஜன்னலை மாற்றலாம், வேலி அடைக்கலாம். அனுமதி கேட்கத் தேவையில்லை. ஜன்னலை அகலமாக்கினால் வேண்டும், ஏனென்றால் அப்போது பாரம் தாங்கும் ஸ்ரட் வெட்டுப்படும். கொல்லைப்புற மரமேடை, அதாவது டெக், நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேலே போனால் வேண்டும். அமெரிக்காவில் மாநிலங்களும் நகரங்களும் பெரும்பாலும் பின்பற்றும் சர்வதேச குடியிருப்பு விதித்தொகுப்பு 2000ஆம் ஆண்டு முதன்முதலில் வெளிவந்தது. பெயரில் சர்வதேசம் இருந்தாலும் அது அமெரிக்கப் பிள்ளை. அதன்படி டெக்குக்கு அனுமதி வேண்டாமென்றால் நான்கு நிபந்தனைகள் சேர்ந்து பொருந்த வேண்டும்: 200 சதுர அடிக்கு மிகாமல் இருக்க வேண்டும், நிலத்திலிருந்து எந்த இடத்திலும் 30 அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது, வீட்டோடு இணைந்திருக்கக் கூடாது, வீட்டின் கட்டாய வெளியேறும் கதவுக்கு அது வழியாக இருக்கக் கூடாது. நாலாவதைக் கவனியுங்கள். தீப்பிடித்தால் ஓடிவந்து கால் வைக்கும் இடம் என்றால், அது எவ்வளவு சிறிதானாலும் இன்னொருவர் பார்க்கட்டும் என்கிறது சட்டம். அழகுக்குச் செய்வதை உன் விருப்பத்துக்கு விடுகிறேன், பாரத்தையும் தீயையும் தொட்டால் என்னைக் கூப்பிடு. கோடு அவ்வளவுதான். இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை.

அனுமதி கிடைத்தபின் ஆய்வாளர் கட்டம் கட்டமாக வருவார். ஒவ்வொரு கட்டமும் ஏதோ ஒன்று மறையப்போகும் தறுவாயாக இருப்பதைக் கவனிக்கலாம். டெக் கட்டுவதென்றால் முதல் வருகை வெறும் குழியைப் பார்க்க. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் மண் உறைந்து பொங்கும். பொங்கும் மண் தூணைத் தூக்கும். அதனால் தூணின் அடி 1.2 மீற்றர் ஆழத்துக்குப் போக வேண்டும். கொங்கிறீற் ஊற்றியபின் குழி எவ்வளவு ஆழம் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆய்வாளர் வெறும் குழிக்குள் அளவுநாடாவை இறக்கிப் பார்த்து, அடியில் தளர்ந்த மண் கிடக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போவார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வீண்வேலை. ஐந்து குளிர்காலம் கழித்து டெக்கின் ஒரு மூலை மட்டும் மேலே எழும்பி நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது சட்டக வேலை முடிந்ததும் வரும் பரிசோதனை. கூரை போட்டாயிற்று, சுவர்ச்சட்டங்கள் நிற்கின்றன, குழாய்களும் மின்கம்பிகளும் ஓடியாயிற்று, ஆனால் காப்புப் பஞ்சும் ட்ரைவோலும் இன்னும் ஏறவில்லை. அமெரிக்க விதித்தொகுப்பு, குழாய், மின்சாரம், காற்றுக்குழாய் வேலைகள் பார்த்து முடிந்தபின்தான் சட்டகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒழுங்கு வகுத்திருக்கிறது. அந்த ஒழுங்குக்குள் பெரிய அனுபவம் இருக்கிறது. தச்சர் ஒழுங்காகத்தான் நிறுத்துவார். பின்னால் வரும் குழாய்க்காரரும் மின்காரரும்தான் துளை போடுவார்கள், வெட்டுவார்கள். கடைசி ஆளும் கையைக் கழுவிக்கொண்டு போனபிறகு மரத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதே அந்தப் பரிசோதனை.

நண்பர் வீட்டு ஜொய்ஸ்ற்றுக்குத் திரும்பி வருவோம். பாரம் ஏறும்போது கிடைமரத்தின் மேல்விளிம்பு நெருக்குப்படும், கீழ்விளிம்பு இழுபடும். நடு உயரத்தில் இழுப்பும் இல்லை, நெருக்கமும் இல்லை. அதனால்தான் நடுவில் அளவாகத் துளை போட அனுமதி. ரொறன்ரோ அடங்கிய ஒன்ராறியோ மாகாணத்தின் விதிப்படி துளை மரத்தின் உயரத்தில் கால்பங்கைத் தாண்டக் கூடாது; மேல் கீழ் விளிம்புகளிலிருந்து 50 மில்லிமீற்றராவது தள்ளியிருக்க வேண்டும். வெட்டுப் போடுவதென்றால் மேல்பக்கத்தில், அதுவும் மரம் சுவரில் உட்காரும் இடத்தை ஒட்டி மட்டும், மூன்றிலொரு பங்குக்கு மிகாமல். அடிப்பக்கத்தில் வெட்டுக்கு இடமே கிடையாது. 2×10 மரத்தின் உண்மையான உயரம் 235 மில்லிமீற்றர். கால்பங்கு சுமார் 59. கழிப்பறைக்குப் போடும் மூன்று அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 89. ஆக, அந்தக் குழாய் 2×10 ஜொய்ஸ்ற்றைக் குறுக்கே கடந்து போகவே முடியாது. மரங்களுக்கு இணையாக ஓட்ட வேண்டும், அல்லது அந்த இடத்தில் மரத்தை முறையாக வெட்டிக் குறுக்குச்சட்டம் கட்டித் திருப்ப வேண்டும். இது ஒரு மணிநேரக் கூடுதல் சிந்தனை, ஒருநாள் கூடுதல் கூலி. அந்தக் கூலியை மிச்சம் பிடித்தவர் அடியிலிருந்து அறுத்தார். ட்ரைவோல் போட்டு மூடி, பூச்சும் பூசியபின் நல்ல வேலைக்கும் இந்த வேலைக்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது.

ஆய்வாளரின் பார்வையில் இன்னும் எத்தனையோ சிறு விஷயங்கள். ஜொய்ஸ்ற்றைத் தாங்கும் உலோகத் தாங்கியின் ஒவ்வொரு துளையிலும் குறித்த ஆணி அடித்திருக்கிறதா, அல்லது கைக்கு அகப்பட்ட ட்ரைவோல் திருகாணியைப் போட்டிருக்கிறார்களா. அந்தத் திருகாணி வளையாது, முறியும். மாடிப்படியின் படி உயரங்கள் ஒன்றுக்கொன்று பேதப்படுகின்றனவா. கால் கண்ணைப் பார்த்து ஏறுவதில்லை, முதல் இரண்டு படியின் அளவை மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஏறுகிறது. அமெரிக்க விதி ஒரு படிவரிசையில் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்குக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது. கைப்பிடிச் சுவரின் கம்பிகளுக்கிடையே 100 மில்லிமீற்றர் உருண்டை நுழையக் கூடாது. அந்த உருண்டை குழந்தையின் தலைக்கும் உடலுக்கும் பதிலாக நிற்கிறது. சுவருக்குள் தீ மேலேறாமல் தடுக்கும் குறுக்குக் கட்டைகள் இருக்கின்றனவா. 1830களில் சிக்காகோவில் பரவிய பழைய முறையில் ஸ்ரட்கள் அத்திவாரத்திலிருந்து கூரைவரை ஒரே மரமாக நின்றன. கீழே பிடித்த தீ அந்த இடுக்குகள் வழியே புகைபோக்கியில் ஏறுவதுபோல ஏறியது. பின்னால் மாடிக்கு மாடி தனியாகச் சுவர் நிறுத்தும் முறை வந்ததற்கும், இடுக்குகளை அடைக்கும் விதி வந்ததற்கும் பின்னால் பல எரிந்த வீடுகள் இருக்கின்றன.

மரவீட்டில் மிக ஆபத்தான இடம் எது என்று கேட்டால், தொழில் தெரிந்த பலரும் வீட்டுக்கு வெளியே கையைக் காட்டுவார்கள். டெக், மரவராந்தா, பால்கனி. மழையும் பனியும் படும். விருந்தென்று வந்தால் எல்லாரும் ஒரே மூலையில் கூடுவார்கள். 2003 யூன் 29 அன்று சிக்காகோவின் லிங்கன் பார்க் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பின்புற மரவராந்தா, விருந்துக்கு வந்தவர்களோடு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தது. 13 பேர் இறந்தார்கள், 57 பேர் காயப்பட்டார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். 1998இல் அனுமதி இல்லாமலும் அளவுக்கு மீறிய பரப்பிலும் அதைக் கட்டியதாக நகர நிர்வாகம் குற்றம் சாட்டியது. ஐந்து வருடங்கள் அது நின்றதே என்று நினைக்கத் தோன்றும். பிழையான மரவேலை அப்படித்தான்; ஐம்பது பேர் ஒன்றாக ஏறும் நாள்வரை நிற்கும்.

டெக் விழும்போது பெரும்பாலும் விட்டுப்போவது, அதை வீட்டுச்சுவரோடு இணைக்கும் பலகை. லெட்ஜர் என்பார்கள். அதை ஆணியால் மட்டும் அடித்து நிறுத்துவது முன்பு சாதாரணம். ஆணி பக்கவாட்டு விசையைத் தாங்கும். தன் நீளத்தின் திசையில் இழுத்தால் கழன்று வரும். இப்போது அமெரிக்க விதித்தொகுப்பு, பிடுங்கும் விசைக்கு ஆளாகும் ஆணியை நம்பி டெக்கைத் தொங்கவிடாதே என்று வெளிப்படையாகவே தடுக்கிறது. அரை அங்குல போல்ற்றோ தடித்த மரத் திருகாணியோ மேலும் கீழுமாக மாறி மாறி வர வேண்டும், பலகைக்குப் பின்னால் தண்ணீர் இறங்காதபடி தகடு மடித்து விட வேண்டும். அந்தத் தகட்டைத்தான் வேலை அவசரத்தில் முதலில் மறப்பார்கள்.

தண்ணீர் என்றதும் பேர்க்லி நினைவுக்கு வருகிறது. 2015 யூன் 16, கலிபோர்னியாவின் பேர்க்லி நகரம், பிறந்தநாள் விருந்து, அடுக்குமாடியின் மேல்தளத்துப் பால்கனி. ஆறு பேர் இறந்தார்கள், ஏழு பேர் படுகாயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஐவர் கோடைகால வேலைக்கு அயர்லாந்திலிருந்து வந்த மாணவர்கள். சிக்காகோவைப் போல இதைத் திருட்டுக் கட்டடம் என்று தள்ளிவிட முடியாது. அனுமதி உண்டு, பரிசோதனைகள் நடந்தன, கட்டடத்துக்கு வயது பத்துகூட ஆகவில்லை. சுவரிலிருந்து நீட்டி நின்ற மரங்கள் உள்ளுக்குள் இற்றுப்போய்க் கையால் பிய்க்கும் நிலையில் இருந்தன. கட்டும்போதே பால்கனிக்குள் தண்ணீர் அடைபட்டுவிட்டது, அதனால்தான் மரம் இற்றது என்று 2016இல் மாவட்ட அரச வழக்கறிஞரின் விசாரணை முடிவுக்கு வந்தது.

பேர்க்லியில் கண் விழுந்தது, ஆனால் மூடுவதற்கு முன் மரம் ஈரமாக இருக்கிறதா என்ற கேள்வியோடு விழவில்லை. மூடியபின் திரும்பிப் பார்க்கவும் எவருக்கும் கடமை இருக்கவில்லை. அந்த இரண்டாவது ஓட்டையைக் கலிபோர்னியா அடைத்தது. 2018இல் வந்த சட்டம், மூன்றோ அதற்கு மேலோ வாடகைக் குடியிருப்புகள் உள்ள கட்டடங்களில், நிலத்திலிருந்து ஆறடிக்கு மேல் மரத்தால் தாங்கப்படும் பால்கனி, படிக்கட்டு, நடைவழிகளை ஆறு வருடங்களுக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவர் பார்க்க வேண்டும் என்றது. உரிமையாளர்களே கூட்டாக நடத்தும் குடியிருப்புகளுக்கு அடுத்த வருடம் வந்த சட்டம் ஒன்பது வருடங்கள் கொடுத்தது. என்னைக் கேட்டால் வீட்டுப் பரிசோதனை வரலாற்றில் இது ஒரு பெரிய திருப்பம். அதுவரை பிறப்புச் சான்றிதழ் கொடுப்பதோடு அரசின் வேலை முடிந்தது. மரமும் நம்மைப்போல மூப்படைகிறது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது இங்கேதான். தனி வீடுகளின் டெக்குகளுக்கு இப்படியொரு மீள்பரிசோதனை அங்கேயும் இல்லை, ஒன்ராறியோவிலும் இல்லை. இருபது வருட வயதான டெக்கில் பிறந்தநாள் கொண்டாடுபவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது கீழே குனிந்து லெட்ஜர் பலகையை ஒரு ஸ்குறூடிறைவரால் குத்திப் பார்க்க வேண்டும். முனை மெத்தென்று இறங்கினால், ஒருவரையும் ஏறவிடாதீர்கள்.

தண்ணீரால் ஒரு நாடே பாடம் படித்தது நியூசிலாந்தில். அங்கே 1991ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் தனியார் சான்றளிப்பவர்களுக்கு வழி திறந்தது. மாநகரசபைக்குக் காத்திருக்க வேண்டாம். சான்றளிக்கும் நிறுவனத்தைக் கட்டுபவரே பிடித்துக்கொள்ளலாம். அதே பத்தாண்டில் கூரை விளிம்பு வெளியே நீளாத, பூச்சுப் பூசிய தட்டைச்சுவர் வீடுகள் நாகரிகமாயின. பதப்படுத்தாத மரத்தைச் சுவர்ச்சட்டங்களுக்குப் போடவும் இடம் கிடைத்தது. மூன்றும் ஒன்றாகக் கூடின. உள்ளே போன மழைநீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தைத் தின்றது. 2002இல் அரசு நியமித்த குழு நிலைமையை அம்பலப்படுத்தியது. 2009இல் அரசுக்காகத் தயாரித்த மதிப்பீடு, பாதிக்கப்பட்டவை சுமார் 42,000 வீடுகள், செலவு 1,130 கோடி நியூசிலாந்து டொலர் என்றது. தனியார் சான்றளிப்பவர்களுக்குக் காப்புறுதி கிடைக்காமல் போக, அவர்கள் கடையை மூடினார்கள். கட்டிய நிறுவனங்கள் பலவும் கலைந்துபோயின. நீதிமன்றப் படியில் மிச்சம் நின்றது மாநகரசபைகள் மட்டும்; கூட்டுப் பொறுப்பு விதிப்படி தங்கள் பங்குக்கு மேலேயும் அவையே கட்ட நேர்ந்தது. அதாவது வரி கட்டும் மக்கள்.

அதன்பின் அந்த நாடு செய்த ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. 2012 மார்ச் முதல், வீட்டின் பலத்தையும் மழைத்தடுப்பையும் தொடும் வேலைகளை உரிமம் பெற்ற தொழிலாளரே செய்யவோ மேற்பார்க்கவோ வேண்டும். உரிமப் பிரிவுகளில் தச்சுவேலையும் ஒன்று. வேலை முடிந்ததும் தச்சர் தான் செய்தது எது, மேற்பார்த்தது எது என்று எழுதிக் கையெழுத்திட்ட பதிவை உரிமையாளருக்கும் மாநகரசபைக்கும் கொடுக்க வேண்டும். சுவருக்குள் மறைந்த மரத்துக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொள்கிறது. பெயர் ஒட்டும் என்று தெரிந்தால் கை கொஞ்சம் நிதானிக்கும்.

கனடாவின் மேற்குக் கரையிலும் இதே கதை நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழுந்த மரச்சட்டக அடுக்குமாடிகள் ஒழுகி இற்றன. முன்னாள் மாகாண முதல்வர் டேவ் பரட் தலைமையில் 1998இல் விசாரணை ஆணைக்குழு, அதே ஆண்டில் வீட்டு உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், கட்டாய உத்தரவாதம் என்று வந்தது.

இனி, யார் பதில் சொல்வது என்ற கேள்வி. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், ஆய்வாளர் பிழையைத் தவறவிட்டார் என்று நகரத்தின்மீது வழக்குப் போட்டு வெல்வது மிகக் கடினம். பரிசோதனை பொதுமக்கள் எல்லாருக்குமான கடமை, உனக்கெனத் தனியாக ஏற்ற கடமை இல்லை என்று நீதிமன்றங்கள் சொல்லிவிடும். கனடா வேறு பாதையில் போனது. 1984இல் காம்லூப்ஸ் நகரத்து வழக்கில், அத்திவாரம் சரியில்லை என்று வேலையை நிறுத்தச் சொன்ன நகரம் அந்த உத்தரவை நடைமுறைப்படுத்தாமல் விட்டது. வீடு கட்டி முடிந்து கைமாறி, அத்திவாரம் இறங்கியது. பின்னால் வாங்கியவருக்கு நட்டத்தில் கால்பங்கை நகரம் கொடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

2000ஆம் ஆண்டில் வந்த ரொறன்ரோ வீட்டு வழக்கு இன்னும் நமக்குக் கிட்ட. பேஸ்மென்ற்றைத் தாழ்த்த ஒருவர் ஒப்பந்தக்காரரைப் பிடிக்கிறார். அனுமதி வருமுன்பே தொடங்கிவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் அவரைச் சம்மதிக்க வைக்கிறார். அனுமதி வந்து ஆய்வாளர் போனபோது, அத்திவாரத்துக்குக் கீழே கொடுத்த புதிய தாங்குதளம் ஏற்கெனவே மூடிக் கிடந்தது. ஒப்பந்தக்காரரின் வாய்ச்சொல்லை நம்பி அவர் விட்டுவிட்டார். பிறகு தண்ணீர் புகுந்தது. தோண்டிப் பார்த்தால் தாங்குதளம் வரைபடத்தில் உள்ளபடி இல்லை. பொறுப்பு ஒப்பந்தக்காரருக்கு 80 வீதம், நகரத்துக்கு 14, அனுமதிக்கு முன் தொடங்கச் சம்மதித்த உரிமையாளருக்கு 6. இந்த மூன்று எண்களும் மிக நியாயமான பங்கீடு என்று நான் நினைக்கிறேன். மூடியதைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் ஒன்ராறியோ சட்டத்தில் ஆய்வாளருக்கு இருக்கிறது. அதிகாரம் இருந்தும் திறக்கச் சொல்லாததே நகரத்தின் குற்றம்.

அனுமதி முறைக்கு எதிராகச் சொல்பவற்றையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. தாமதம் உண்மையான வலி. ஒன்ராறியோவில் வீட்டு விண்ணப்பம் முழுமையாக இருந்தால் பத்து வேலைநாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம். "முழுமையாக" என்ற சொல்லில்தான் வாரங்கள் ஓடிவிடும். வேலையை நிறுத்திவைத்துவிட்டு ஆய்வாளருக்குக் காத்திருக்கும் தச்சருக்கு அன்றைய கூலி போகிறது. பரிசோதனை என்ற பெயரில் ஒப்பமிடுவது மட்டும் நடந்த இடங்களும் உண்டு. 1992 ஓகஸ்ட் 24 அன்று அன்ட்ரூ சூறாவளி தெற்குப் புளோரிடாவைத் தாக்கியபோது, பறந்துபோன கூரைப்பலகைகளில் அடித்திருந்த கவ்விகள் பல, கீழிருந்த மரத்தில் ஏறாமல் பக்கத்தில் வெறும் காற்றில் இறங்கியிருந்தது தெரிந்தது. அந்த வீடுகளுக்கும் அனுமதியும் ஒப்பமும் இருந்தன. அதன் விளைவாகத்தான் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதி 2002இல் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஆய்வாளரின் தலையில் ஒரு நாளைக்கு எத்தனை வீடு சுமத்துகிறோம் என்பதைக் கேட்காமல் ஆய்வாளரைக் குறைசொல்வதில் அர்த்தம் கிடையாது.

வீட்டுத் தட்டுப்பாடு கூடக் கூட, அரசுகள் கதவைத் தளர்த்துகின்றன. ரெக்சாஸ் 2023இல் கொண்டுவந்த சட்டப்படி, நகரம் கெடுவைத் தாண்டி 15 நாள் இழுத்தால் தகுதியுள்ள வெளியாளிடம் பரிசோதனையைக் கொடுக்கலாம். நியூசிலாந்து 70 சதுர மீற்றருக்குட்பட்ட தனிச்சிறு வீடுகளுக்கு முன்னனுமதியிலிருந்து விலக்கு அளிக்க 2025இல் சட்டம் செய்தது. உரிமம் பெற்றவர்களே கட்ட வேண்டும் என்ற பூட்டு அதில் உண்டு. தமிழ்நாட்டில் 2024 யூலையில் தொடங்கிய சுயசான்று முறை 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிவரை கட்டும் வீட்டுக்கு இணையத்தில் உடனடி அனுமதி தருகிறது. அங்கே மறைவது மரத்துக்குப் பதிலாகக் கொங்கிறீற்றுக்குள் போகும் கம்பி. அனுமதி ஒரே நாளில் கிடைப்பது நல்லதே. ஊற்றும் நாளன்று காலையில் கம்பியின் தடிப்பையும் இடைவெளியையும் எண்ணப்போவது யார் என்று வீடு கட்டுபவர் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பத்திரம் விரைவாக வருவதில் எனக்கு மறுப்பில்லை. மூடுவதற்கு முந்தைய பார்வையைக் குறைத்துத்தான் அந்த விரைவு வருகிறதென்றால் மறுப்பு உண்டு.

நம்மவர்களிடையே அனுமதி எடுக்கத் தயங்குவதற்கு வேறு காரணமும் உண்டு. ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கங்களில் பேஸ்மென்ற் வாடகையில்தான் பல குடும்பங்களின் வீட்டுக்கடன் கட்டுப்படுகிறது. அதிகாரி ஒருமுறை உள்ளே வந்தால் எதையெதை எல்லாம் எழுதிக்கொண்டு போவாரோ என்ற பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்தை அறிந்தே சில ஒப்பந்தக்காரர்கள் "உதுக்கெல்லாம் பெர்மிற் தேவையில்லை" என்று முந்திக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பேஸ்மென்ற்றில் படுப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள். புதிதாக வந்து இறங்கிய மாணவர், அகதிக் கோரிக்கை வைத்திருக்கும் குடும்பம், நேற்றுக் கல்யாணமான பிள்ளைகள். மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையில் தீ தாங்கும் தடுப்பு இருக்கிறதா, இரண்டு வீட்டுக்கும் சேர்ந்து ஒலிக்கும் புகையெச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, வாசல் அடைபட்டால் ஜன்னல் வழியே உடம்பு வெளியே போகுமா? இந்த மூன்றுக்கும் வாடகைக்கு வருபவர் ட்ரைவோலைத் தட்டிப் பார்த்துப் பதில் கண்டுபிடிக்க முடியாது. நல்ல தச்சருக்கும் அனுமதி ஒரு கவசம். "இப்பிடி வெட்டினா இன்ஸ்பெக்டர் விடமாட்டார்" என்ற ஒரு வாக்கியத்தால் அவசரப்படுத்தும் முதலாளியைத் தடுத்த தச்சர்களை எனக்குத் தெரியும்.

நண்பர் முதலில் திறந்த இடத்தை அப்படியே மூடிவிடலாமா என்றுதான் கேட்டார். தச்சர் மறுத்துவிட்டார். பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து வரைந்து கொடுத்தார். அனுமதிக்கு விண்ணப்பித்தோம். குளியல் தொட்டியை வெறுமையாக்கி, கீழே தற்காலிகத் தூண் கொடுத்து, குழாயைத் திருப்பி, அறுபட்ட இரண்டு மரங்களின் பக்கத்திலும் முழுநீளப் புதுமரம் சேர்த்து இணைத்தார்கள். ஆய்வாளருக்கு அறிவித்தால் இரண்டு வேலைநாளுக்குள் வர வேண்டும் என்பது விதி; இரண்டாம் நாள் பின்னேரம் வந்தார். ஏணியில் ஏறி ஒவ்வொரு தாங்கியாகக் கையால் தடவிப் பார்த்தார். ஒன்றில் இரண்டு துளை வெறுமையாக இருந்தது. "இதற்கும் அடியுங்கள்" என்றார். தச்சர் அவர் முன்னாலேயே அடித்தார். இறங்கி வந்து படிவத்தில் எழுதினார்.

அந்த இரண்டு நாளும் புது ட்ரைவோல் பலகைகள் பேஸ்மென்ற் சுவரில் சாய்த்தபடியே நின்றன.